கைக்கு எட்டும் விலையில் ஒரு லென்ஸ்
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டார். கையோடு ஒரு கண்டிஷனும் போட்டார். "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, தாய்ப்பாசம் பத்தி மட்டும் பதினாறு வந்து கெடக்குது." எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது. தெரிந்தது கேமரா ஒன்றுதான். அதிலும் ஏமாந்து ஏமாந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். நம் வகுப்பிலேயே நாலைந்து பேர் "எந்த லென்ஸ்டா வாங்கறது, வீட்டு விசேஷமும் எடுக்கணும், மலை, ஆறுன்னு வெளியிலயும் எடுக்கணும், காசு மட்டும் கம்மியா இருக்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எனக்குச் சொந்த ஊர் மொரப்பூர். ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வேலைக்குப் போகும் ஒரு போட்டோகிராபர் அண்ணனுக்கு லைட் பிடிப்பேன், பேக் தூக்குவேன். அந்தக் காசைச் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் 1300டி வாங்கினேன். 18-55 லென்ஸ் கூடவே வந்தது. கேமராவோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, அந்தக் 'கிட் லென்ஸ்'தான்.

கொஞ்ச நாளில் எனக்கு அந்த லென்ஸ் மேல் வெறுப்பு வந்துவிட்டது. காரணம், கல்யாண வீட்டில் பார்த்த 50 மி.மீ. எஃப் 1.8. முகம் மட்டும் பளிச்சென்று, பின்னாடி இருக்கிற சீரியல் லைட்டெல்லாம் உருண்டை உருண்டையாகக் கரைந்து... அடடா! அதைப் பார்த்த பிறகு கிட் லென்ஸ் படம் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி தெரிந்தது. அக்காவுக்கு வளைகாப்பு வைத்திருந்த சமயம். கையில் மூவாயிரம் இருந்தது. கிட் லென்ஸை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு விற்றேன். ஐயாயிரத்து ஐந்நூறு கொடுத்து, ஒருத்தர் உபயோகப்படுத்திய 50ஐ வாங்கிவிட்டேன். ஊருக்குள்ளே என் நடையே மாறிப்போச்சு.

வளைகாப்பு அன்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. மாசத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். அண்ணன் மஸ்கட் கிளம்ப மறுநாள் ராத்திரி டிக்கெட். ஆயா, சின்னம்மா வீடு, மாமா எல்லாம் சேர்த்துப் பதினோரு பேர். இத்தனை பேரும் ஒரே கூரைக்கு அடியில் நின்றது எனக்கு நினைவு தெரிந்து அன்றைக்குத்தான். சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது, வெளியே நிற்க முடியாது. "உள்ளயே எடுத்துடுப்பா" என்றார் அப்பா.

எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தேன். அக்காவும் ஆயாவும் தெரிந்தார்கள், அப்புறம் மாமாவின் பாதி மீசை. அவ்வளவுதான்! வாசற்படிக்குப் போனேன், இன்னும் மூன்றடி கிடைத்தது. நடுவில் இருந்தவர்கள் வந்தார்கள், ஓரம் வரவில்லை. திண்ணைக்கு இறங்கினால் கதவு நிலை மறைக்கிறது. "நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்று கத்திக் கத்தி, ஏழெட்டுப் படம் எடுத்தேன். எதிலும் பதினோரு பேர் இல்லை. இருப்பதில் நல்ல படத்தில் வலது ஓரத்தில் அப்பாவின் தோள்பட்டை மட்டும் இருக்கிறது. அதை அவரிடம் காட்டியபோது, "பரவாயில்லப்பா, நான் இருந்தேன்னு தெரியுதில்ல" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

போனில் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை. ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் லென்ஸ் கையில் இருக்கும்போது போனை எடுக்க ரோஷம் விடவில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். ஏன் இப்படி ஆச்சு? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். நம் கேமராவுக்குள் படம் விழுகிற சென்சார், கேனானில் 22.3 மி.மீ. அகலம். நிக்கானில் 23.5. (பெரிய விலைக் கேமராவில் 36 மி.மீ. அது நமக்கு வேண்டாம்.) ஆள் நிற்கும் தூரத்தைச் சென்சார் அகலத்தால் பெருக்கி, லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் வகுத்தால், எத்தனை அடி அகலம் படத்தில் அடங்கும் என்று வந்துவிடும். இரண்டு ஒத்த முக்கோணங்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் படித்ததுதான்.

எங்கள் கூடத்தில் ஆட்கள் நின்றது கேமராவில் இருந்து ஒன்பதடி. 9 × 22.3 ÷ 50. நாலு அடி! ஓர் ஆளுக்குத் தோள் அகலம் ஒன்றரை அடி என்று வைத்தாலும் மூன்று பேர் அடங்க மாட்டார்கள். அதே இடத்தில் விற்றுத் தொலைத்த கிட் லென்ஸ் இருந்து, 18இல் வைத்திருந்தால்? 11 அடி. இரண்டு வரிசை போட்டால் பதினோரு பேரும் தாராளமாக நின்றிருப்பார்கள், அப்பாவின் இரண்டு தோளும் வந்திருக்கும். வாங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கல்யாண மண்டபம் நாற்பதடி நீளம். அங்கே பார்த்து மயங்கிய லென்ஸை இங்கே பத்தடி கூடத்துக்கு வாங்கியது என் தப்பு.

இன்னொரு விஷயம். எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரே பழைய குடும்பப் படம், மாமா ஆக்ஃபா கிளிக் 3 டப்பா கேமராவில் எடுத்தது. அதன் லென்ஸ் ஏறக்குறைய 72 மி.மீ. அப்படியென்றால் என் 50ஐவிட இன்னும் குறைவாகத்தானே அடங்க வேண்டும்? இல்லை. அதில் பிலிம் ஆறு சென்டிமீட்டர் சதுரம். பத்தடி தூரத்தில் ஏழடிக்கு மேல் அடங்கும். லென்ஸின் நம்பரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, பின்னால் இருக்கிற சென்சார் எவ்வளவு பெரிசு என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பழைய புத்தகங்களில் "50 மி.மீ. என்பது மனிதக் கண் பார்வை" என்று எழுதியிருப்பார்கள். அது 36 மி.மீ. அகலப் பிலிமுக்கு எழுதியது. நம் கேனானில் அது 80 மி.மீ. போல வேலை செய்யும். ஒரு முகம், இரண்டு முகம் எடுக்க அருமை. ஒரு குடும்பத்துக்கு ஆகாது.

அப்படியானால் 50 மோசமான லென்ஸா என்றால், இல்லவே இல்லை. கேனான் இதை முதலில் 1987இல் கொண்டுவந்தது. 1990இல் இரண்டாவது வடிவம். உடம்பு, கேமராவில் மாட்டும் வளையம் எல்லாமே பிளாஸ்டிக். 2015இல் எஸ்.டி.எம். என்ற மூன்றாவது வடிவம். அதில் மாட்டும் வளையம் மறுபடி உலோகம் ஆகிவிட்டது, உள்ளே இதழ்களும் ஐந்துக்குப் பதில் ஏழு. பழசு வாங்கினால் மூன்றாவதையே தேடி வாங்குங்கள்.

இதன் பலம் வெளிச்சம். எஃப் நம்பர் என்பது ஃபோகல் லெங்த்தை, ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்தது. 50ஐ 1.8ஆல் வகுத்தால் விட்டம் கிட்டத்தட்ட 28 மி.மீ. கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் எஃப் 5.6, விட்டம் பத்து மி.மீ.கூட வராது. ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்துக்குப் போகும் என்பதால், 5.6க்கும் 1.8க்கும் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். கிட் லென்ஸில் பதினைந்தில் ஒரு விநாடி ஆகிற இடத்தில் இதில் நூற்று ஐம்பதில் ஒரு விநாடி. ஒற்றை டியூப் லைட் வீட்டில், ஓடுகிற குழந்தையை எடுக்க இதைவிட மலிவாக வழி கிடையாது.

ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆறடி தூரத்தில் 1.8இல் எடுத்தால், தெளிவாக நிற்கும் ஆழம் மூன்றரை அங்குலம்தான். முன்னால் தம்பி, அரை அடி பின்னால் தங்கை என்றால், ஒருத்தர் தெளிவு, ஒருத்தர் ஆவி. இரண்டு பேருக்கு மேல் இருந்தால் எஃப் 4க்குப் போய்விடுங்கள். ஒன்பதடி தூரத்தில் ஒன்றரை அடி ஆழம் கிடைக்கும். ஆக, காசு கொடுத்து வாங்கிய 1.8ஐக் குடும்பப் படத்தில் பாதி நேரம் உபயோகிக்கவே மாட்டீர்கள். இதையும் யாரும் சொல்வதில்லை.

நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். கிட் லென்ஸை விற்காதீர்கள். விற்றால் கிடைப்பது இரண்டு மாசப் பஸ் காசு. அது 18இல் எஃப் 3.5, அவ்வளவு இருட்டும் கிடையாது. அதற்கு மேல் ஒன்றே ஒன்று வாங்குவதானால், கேனான்காரர்களுக்கு 2014இல் வந்த 24 மி.மீ. எஃப் 2.8. தட்டையாக இட்லி மாதிரி இருக்கும். ஒன்பதடியில் எட்டடிக்கு மேல் அடங்கும். நிக்கான்காரர்களுக்கு 2009இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 டி.எக்ஸ். ஒன்பதடியில் ஆறடி. நிக்கானில் இன்னொரு ஆபத்து உண்டு. விலை குறைவு என்று பழைய '1.8 டி' லென்ஸை வாங்கி, 3000, 5000 வரிசைக் கேமராக்களில் மாட்டினால், ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, அந்தக் கேமராவுக்குள்ளும் கிடையாது. என் சிநேகிதன் ஒருவன் வாங்கிவிட்டு, லென்ஸ் ரிப்பேர் என்று இரண்டு கடை ஏறி இறங்கினான்.

அடுத்து வெளிக்காட்சிகள். இங்கேதான் நம் ஆட்கள் "மலையை எடுக்கணும்னா வைடு லென்ஸ்" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. மார்கழிக் காலையில் தீர்த்தமலையை வயல் வரப்பில் நின்று 18இல் எடுத்துப் பாருங்கள். வானம் இருக்கும், வயல் இருக்கும், நடுவில் கடுகு மாதிரி ஒன்று கிடக்கும், அதுதான் மலை. அதே இடத்தில் 50ஐ மாட்டினால் மலை 2.8 மடங்கு பெரிசாக, பனியோடு, உச்சியோடு வந்து நிற்கும். வத்தல்மலை ஏறும்போது ஒன்றன் பின் ஒன்றாக நீலம் நீலமாக மடிப்பு தெரியுமே, அதற்கும் 50தான். அகலக் கோணம் எப்போது வேண்டும் என்றால், காலடியில் ஏதாவது இருக்கும்போது. ஒகேனக்கல்லில் முன்னால் பாறை, அதன் குழிவுகளில் தேங்கிய தண்ணீர், அப்பால் அருவி. இதற்கு 18தான்.

அதைவிட முக்கியம், வெளிக்காட்சிக்கு எஃப் 1.8 தேவையே இல்லை. மலை எங்கேயும் ஓடப்போவதில்லை. ஸ்டாண்டில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, இரண்டு விநாடி டைமர். கிட் லென்ஸும் எஃப் 8இல் நல்ல கூர்மையாகத்தான் எடுக்கும். 16, 22 என்று மூடிக்கொண்டே போனால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் மழுங்கும். லென்ஸ் வாங்க வைத்திருக்கும் காசில் ஆயிரத்து ஐந்நூறை எடுத்து ஒரு கனமான ஸ்டாண்ட் வாங்குங்கள். ஒகேனக்கல் தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வர வேண்டுமானால் அரை விநாடி, பரிசல் வேண்டுமானால் 250இல் ஒரு விநாடி. ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டும் எடுத்துப் போங்கள். புகையும் கல் என்று அந்த ஊருக்குப் பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை, சாரல் லென்ஸ் மேலேயே வந்து உட்காரும்.

சேலம் ஜில்லாவில் இந்த வேலையை நமக்கு முன்னால் செய்தவர் ஒருவர் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்தவர். ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களும் அடங்கிய அவருடைய படத்தொகுப்பு 1858இல் வெளியாயிற்று. அப்போது நம் தர்மபுரி தனி மாவட்டம் இல்லை, சேலத்தோடு இருந்தது. 1965இல்தான் பிரிந்தது. ராயக்கோட்டை 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போய்விட்டது. டிரைப் படம் எடுத்தது பிலிமில் அல்ல, மருந்து தடவிய காகித நெகட்டிவில். ஜூம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அவர் செய்த ஒரு வேலையைப் படித்தபோதுதான் என் மண்டையில் அடித்துக்கொண்டேன். தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பகுதியில் சுற்றி வரும் கல்வெட்டு ஒரே படத்தில் அடங்காது. மனுஷன் என்ன செய்தார்? பக்கம் பக்கமாக நகர்ந்து 21 படம் எடுத்து, வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கிவிட்டார். நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால்! நான் அந்தக் கூடத்தில் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, இடது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மூன்று படம் எடுத்திருந்தால், கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கலாம். இலவச மென்பொருளே இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் மூன்றில் ஒரு பங்கு மேலே விழும்படி எடுத்தால் போதும். 50 மட்டுமே கையில் இருக்கிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

காசில்லாமல் லென்ஸுக்கு அல்லாடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு இன்னொருவரைச் சொல்கிறேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996). காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர், 1970இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் கேமரா ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மற்ற பாகங்கள் வேறு எங்கிருந்தோ என்று சேர்த்துக் கட்டியது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வேறு வைத்திருந்தார். அதை வைத்துத்தான் யானையை எடுத்தார்.

நானும் அப்படி ஒன்று செய்து பார்த்தேன். இது நம் மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் பிலிம் காலத்து நிக்கான் 28 மி.மீ. எஃப் 2.8 சும்மா கிடந்தது. கையால் திருப்பும் லென்ஸ். ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தார். நிக்கான் லென்ஸ் கேனானில் உட்காருமா? உட்காரும். லென்ஸ் மாட்டும் வளையத்தில் இருந்து சென்சார் வரைக்கும் உள்ள தூரம் நிக்கானில் 46.5 மி.மீ., கேனானில் 44. நடுவில் 2.5 மி.மீ. வளையம் போட்டால் கணக்குச் சரி. எதிர்ப்பக்கம் முடியாது. கேனான் லென்ஸை நிக்கானில் மாட்ட, இல்லாத இடத்தை எங்கே போய்த் தேடுவது? திருகு மாடல் ரஷ்ய லென்ஸ்களுக்கு 45.46. அவையும் கேனானில் உட்காரும், நிக்கானில் தூரத்துக் காட்சி தெளியாது.

நானூறு ரூபாய்க்கு வளையம் வாங்கி மாட்டினேன். வீட்டுக்குள் படம் பிரமாதம். வெளியே போனால் எதுவும் தெளியவில்லை, லென்ஸைக் கடைசி வரை திருப்பியும் ஸ்டேஷன் போர்டு கலங்கலாகவே நின்றது. லென்ஸில் கோளாறோ என்று பயந்து, நம் மெட்ராலஜி லேபில் வளையத்தை மைக்ரோமீட்டரில் பிடித்தேன். 2.60! பத்தில் ஒரு பங்கு மி.மீ. அதிகம். அதனால் என்ன என்கிறீர்களா? 28ஐ வர்க்கமாக்கி 0.1ஆல் வகுத்துப் பாருங்கள். 7840 மி.மீ., அதாவது 26 அடி. அதற்கு அப்பால் அந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகவே ஆகாது. எமரி ஷீட்டைச் சர்ஃபேஸ் பிளேட்டில் விரித்து, வளையத்தை எட்டு வடிவில் தேய்த்து, நாலு இடத்தில் அளந்து, மறுபடி தேய்த்து, இரண்டு நாள் சாயந்திரம் போச்சு. 2.49இல் நிறுத்தினேன். ஒரு மயிரிழை மெலிசாக இருந்தால் பரவாயில்லை, தடிமனாக இருக்கக் கூடாது. தீர்த்தமலை தெளிந்தது. லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பாடம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்று சொன்னால் எங்கள் சார் கோபித்துக்கொள்வார்.

பழைய லென்ஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, தொடாதீர்கள். நாலைந்து தூசி இருந்தால் கவலை இல்லை. உள்ளே இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, வளையம் ஆடுகிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவையே எடுத்துப் போய் மாட்டி, ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்து, நாலு மூலையும் பெரிதாக்கிப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள். வாங்கியதை மழைக்காலத்தில் துணிப்பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

28 மி.மீ. லென்ஸுக்கு எங்கள் கூடத்தில் ஒன்பதடிக்கு ஏழடி அடங்குகிறது. ஆறு பேர் உட்கார வேண்டாம், நாலு பேர் உட்கார்ந்து மற்றவர்கள் பின்னால் நெருங்கி நின்றால் சரியாக இருக்கும் என்று பாய் விரித்துப் பார்த்துவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆட்கள் மாதிரி நிறுத்தி, எஃப் 5.6இல் ஒரு ஒத்திகைப் படமும் எடுத்தாச்சு. அம்மா சிரித்தார்கள். அக்கா குழந்தை இப்போது தவழ்கிறது, ஆக மொத்தம் பன்னிரண்டு பேர். அண்ணன் சித்திரையில் லீவில் வருவதாகப் போன் செய்திருக்கிறான். அப்பாவுக்கு அந்த வாரம் லீவு கிடைக்குமா என்று மேஸ்திரியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.